பன்னெண்டு மெஷின், பெஹாலா

— ரெண்டு மணிக்கு டாண்ணு வரேன்னுட்டு இப்போ ரெண்டே முக்காலுக்கு வந்து நிக்கறயேடா ஜெகன்! நாலு மணிக்கு பழைய சாமான் வாங்கற பிக்ரிவாலா வண்டியைத் தள்ளிண்டு வந்துடுவான், அத்தனை கம்ப்யூட்டரையும் அள்ளிப் போட்டுண்டு போயிடுவான். எங்கேடா தொலைஞ்ச?

— எக்கா, வையாதீங்க. கரியாஹாட்ல எட்டாம் நம்பர் மினிபஸ்ஸப் பாத்து ஏறுனேன். ஜன்னலோரமா சீட்டு கெடச்சுது, கொஞ்சம் கண்ண மூடிட்டேன். முழிச்சா வண்டி ஆத்தத் தாண்டிட்டு. கொண்டுபோயி சாந்த்ராகாச்சில எறக்கி விட்டுட்டான். எங்கன பாத்தாலும் தண்டவாளம்!

— எட்டு சாந்த்ராகாச்சிக்குப் போகவே போகாதே!

— போச்சுல்லா? கொட்ட எழுத்துல போர்டுல போட்ருந்துச்சு. நாங் கண்ணால பாத்தேன்க்கா.

— த்யாத்! அந்தப் பஞ்சாயத்து அப்புறம். பையைக் கீழ வை. கடைசி மெஷினை எடுத்து மேஜை மேல வெச்சிருக்கேன். காத்தாலேர்ந்து பதினேழு தடவை ஏத்திப் பார்த்தாச்சு. ஒரு செகண்ட் வெள்ளையா மின்னறது, அப்புறம் கறுப்பு.

— சாப்டீங்களா?

— நீயும் ஆரம்பிக்காதே. அதோ, கேக்கறவர் வந்துண்டே இருக்கார்.

— ஏண்டி மாதங்கி, இன்னுமா இதைக் கட்டிண்டு அழற? டிஃபன் கேரியர் பிரிக்காம அப்படியே இருக்கு. உங்க பெரியம்மா என்னைத்தான் கேப்பா. இது யாரு? கரியாஹாட் சிதம்பரம் கடை ஆள்தானே நீ, அப்பளம் கொண்டு வந்து குடுத்தியே?

— ஆமா சார். ஜெகன். சிதம்பரம் எங்க மாமா.

— கடையை விட்டுட்டு இங்கே என்ன வேலை?

— மத்தியானம் லீவு சொல்லிட்டு வந்தேன் சார். அக்காவுக்குக் கொஞ்சம் ஒத்தாசைக்கு.

— ஒத்தாசையா! வண்டில தூக்கி வைக்கறதுக்கு ஒத்தாசை பண்ணு, புண்ணியமாப் போகும். மாதங்கி, கேட்டுக்கோ. ரெசல்யூஷன் பாஸாயாச்சு. கமிட்டி முழுக்கக் கையைத் தூக்கியாச்சு. திங்கக்கிழமைலேர்ந்து இந்த கம்ப்யூட்டர் கிளாஸ் ரூம் யோகா கிளாஸுக்கு. சபா செக்ரட்டரிங்கற முறையில நான் கையெழுத்தும் போட்டாச்சு.

— உங்க ரெசல்யூஷன் வேற பெரியப்பா, என் ரெசல்யூஷன் வேற. உங்களுது கையைத் தூக்கினா பாஸாயிடும். எனக்கு ஸ்கிரீன்ல ஆயிரத்து முன்னூத்து அறுபத்தாறுக்கு எழுநூத்து அறுபத்தெட்டு, ஒரு புள்ளி குறைஞ்சாலும் பாஸாகாது.

— வாய்! இந்த வாய்க்குத்தான் பிரைஸ் குடுக்கணும். செத்துப் போனதை எடுத்துண்டு போகட்டும்னா என்னடி தப்பு?

— சாகலை! எத்தனை தடவை சொல்றது? மெஷின் உயிரோட இருக்கு, மூஞ்சிதான் தெரியலை. இஸ்திரி போடறாரே நம்ம தாதா, அந்த அண்ணாவோட பொண்ணு பிரியங்கா தெரியுமோல்லியோ? கிளார்க் வேலைக்கு டைப்பிங் டெஸ்ட் எழுதப் போறாளே, அவ. மூணு வாரமா அவ இந்தக் கறுப்பு ஸ்கிரீன் முன்னாடி உக்காந்து டைப் அடிச்சிண்டிருக்கா. அவளுக்கு ஒரு எழுத்து தெரியாது. கேபிள் வழியா என் லேப்டாப்ல நான் பார்த்து, "மூணாவது வார்த்தைல 'e' விட்டுட்ட"ன்னு கத்தறேன். கறுப்புல அடிச்சு அடிச்சு அவ ஸ்பீடு முப்பத்தஞ்சு வந்தாச்சு!

— ஆமா சார். அந்தப் புள்ள கண்ணத் தொறந்துக்கிட்டே கண்ணக் கட்டுன மாதிரி அடிக்கும்.

— பாவம்தான். நான் இல்லேங்கலை. ஆனா ஊர் உலகத்துல எல்லாரும் போடற சிஸ்டம் ஒண்ணை இதுல போட்டுத் தொலைக்கப்படாதா? எதுக்கு இந்த… என்னமோ பேர் சொன்னயே, வாயில நுழையாத பேர்?

— மின்னோ. ஊர் உலகத்துல எல்லாரும் போடறது இதுல ஏறாது பெரியப்பா. மெமரி போறாதுங்கறான், ப்ராசஸர் பழசுங்கறான். ஓசில கிடைக்கற பெரிய சிஸ்டம்லாம்கூட இந்த மாதிரி மெஷினைக் கை கழுவியாச்சு. மின்னோ ஒண்ணுதான் ஓடறது. உலகம் பூரா நாப்பது பேர் சும்மா ஆசைக்குச் சேர்ந்து எழுதறது. நாங்கள்லாம் சுனோபுட்டி.

— மின்னோன்னா என்ன அர்த்தம்?

— அதைத்தான் சொன்னேனே. சுனோபுட்டி. பொடி மீன்.

— சிவ சிவா! சரஸ்வதி பூஜை பண்ற ரூம்ல மீனாடி?

— சார், எங்க தூத்துக்குடில பொடிமீன்தாம் சார் ருசி. பெருசு பூராம் ஏத்துமதிக்குப் போயிரும்.

— நீ சும்மா இருடா, அவருக்குப் படபடன்னு வரப் போறது. பெரியப்பா, போன வெள்ளிக்கிழமை என்ன சொன்னேள்? ஞாபகம் இருக்கா?

— சொன்னேன். நாலு மணிக்குள்ள ஒரே ஒரு மெஷின்ல, ஒரே ஒண்ணுல, படம் தெரியட்டும். அவனைத் திருப்பி அனுப்பிடறேன், ரெசல்யூஷனையும் நான் பார்த்துக்கறேன்னேன். சுந்தரராஜன் சொன்னா சொன்னதுதான். ஆனா வரலைன்னா அழப்படாது.

— அழறவளா நான்?

— நீ எங்கே அழறது. சுத்தி இருக்கறவாளை அழ வெப்ப. நான் அந்த நாற்காலில உக்காந்து பேப்பர் படிக்கறேன். மணி மூணாகப் போறது. டிரைவர் இல்லாத வண்டியைத் தள்ளிண்டே இருங்கோ ரெண்டு பேரும்.

— கீ ஜாலா! ஸ்கிரீனை ஓட்டற சாஃப்ட்வேருக்கும் டிரைவர்னுதான் பேரு; அது இருக்கு பெரியப்பா, அதான் விஷயமே! டிரைவர் இருக்கு, எடுத்துடணும்னு ஒருத்தன் ஒத்தக்கால்ல நிக்கறான்!

— யாரு அது? நம்ம கமிட்டிலயா?

— மின்னோ கமிட்டில. பேரு தெரியாது, ஊரு தெரியாது. 'டெட்வெயிட்'னு கையெழுத்து போடுவான். பேருக்கேத்த பிரகிருதி. செத்த பாரம்.

— எக்கா, அது அப்பிடி இல்ல. டெட்வெயிட்டுன்னா செத்த பாரம் இல்ல. ஹார்பர்ல சொல்லுவாங்க. ஒரு கப்பல் மொத்தமா எவ்வளவு சொமக்கும்ங்கதுக்கு அதாம் பேரு.

— நீ ஏன்டா அவனுக்கு வக்காலத்து வாங்கற?

— வக்காலத்து இல்லக்கா. எங்கப்பா ஹார்பர்ல லோடிங்ல இருந்தாரு, அதுனால சொன்னேன். ஸ்க்ரூ டிரைவர் எங்க?

— கீழ, வயருக்கு அடியில. பெரியப்பா, நீங்களே கேளுங்கோ இந்த அநியாயத்தை. போன வருஷம் அவன் மெயிலிங் லிஸ்ட்ல எழுதறான்: "இந்த கிராஃபிக்ஸ் சிப்பை உலகத்துல யாராவது இன்னும் ஓட்டறேளா? இருந்தா கையைத் தூக்குங்கோ, இல்லைன்னா அடுத்த ரிலீஸ்ல டிரைவரைத் தூக்கிடலாம்"னு.

— நியாயமாத்தானே கேட்டிருக்கான்?

— நான் கையைத் தூக்கினேனே! "பன்னெண்டு மெஷின், பெஹாலா"ன்னு பதில் போட்டேன். அதுக்கு அவன் என்ன எழுதினான் தெரியுமா? "பன்னெண்டா? சரி சரி"ன்னு ஒரு பல்லை இளிக்கற பொம்மை. அவ்வளவுதான்!

— பொம்மைக்கா இத்தனை கோபம்?

— அந்த பொம்மையைப் பார்த்துட்டு மீதி முப்பத்தெட்டு பேரும் இளிச்சா பெரியப்பா. இப்போ ரெண்டு மாசம் முன்னாடி இங்கே ஸ்கிரீன் பேனல் எல்லாம் வரிசையா செத்துப் போச்சு. சாந்தினி மார்க்கெட்ல கடை வெச்சிருக்கற பாபி தா மூணு வாரம் முன்னாடி பன்னெண்டு பழைய பேனலைக் கொண்டு வந்து மாட்டினார். மாட்டினாரே தவிர படம் வரலை. லிஸ்ட்ல போய் "ஓடறது"ன்னு ப்ரூஃப் காட்ட ஒரு மெஷின் இல்லை. இன்னிக்கு நாலரைக்கு அந்த ப்ரபோசல் க்ளோஸ். அதுக்குள்ள போட்டோவோட ரிப்போர்ட் போகலைன்னா டிரைவர் போச்சு. இங்கே நாலு மணிக்கு மெஷின் போச்சு. ரெண்டு பக்கமும் கத்தி!

— எக்கா… அந்த டெட்வெயிட்டு நேர்ல வந்து, தெரியாமச் சொல்லிட்டேன், மன்னிச்சிருங்கன்னா என்ன செய்வீங்க?

— பன்னெண்டு மெஷினையும் அவன் தலையில வெச்சு பெஹாலா முழுக்க ஊர்வலம் விடுவேன். டாக் மேளம் அடிக்கற தாதாக்களைக் கூப்பிட்டு, துர்கா பூஜை விசர்ஜன் மாதிரி. எதுக்குக் கேக்கற?

— சும்மாதான்.

— சும்மாதான்னா கையை வேலை செய்ய விடு. ரெடியா? ஏத்தறேன். பார்த்துண்டே இரு. ஒண்ணு… ரெண்டு…

— வெள்ள! வெள்ளையா வருது…

— பிடி, பிடி, பிடி…

— போயிட்டு. கறுப்பு.

— சனியன்! சனியன்!

— மெதுவா மாதங்கி. மேஜை சபாவோடது.

— அடிக்கலை பெரியப்பா, தட்டினேன்.

— எக்கா, எதத்தான் மாத்தாம விட்டோம்? அகலத்த மாத்தியாச்சு, ஒயரத்த மாத்தியாச்சு, வெளிச்சத்துக்குப் போற கரண்ட்ட மாத்தியாச்சு. டிரைவர்ல எழுநூறு வரி இருக்கு. ஒவ்வொரு வரியா ரெண்டு பேரும் எச்சி தொட்டுப் புரட்டியாச்சு.

— நடுவுல நான் ஒண்ணு கேக்கலாமா? பழைய பேனல்ல வந்த படம் இதுல மட்டும் ஏன் வரலை? பேனலும் பேனல்தானே?

— நல்ல கேள்வி பெரியப்பா. கமிட்டில யாருமே கேக்கலை. எந்த ஸ்கிரீனா இருந்தாலும் மாட்டினவுடனே கம்ப்யூட்டர்கிட்ட, "நான் இன்னார், என் அகலம் இவ்வளவு, எனக்கு இந்த வேகத்துல புள்ளி அனுப்பு"ன்னு தானே சொல்லிக்கும். சொல்றதுக்கு அதுக்குள்ள ஒரு குட்டி சிப் இருக்கும். பாபி தா கொண்டு வந்த பேனல்ல அந்த சிப் அழிஞ்சு போயிடுத்து. ஊமைப் பேனல். கேட்டா பதில் சொல்லாது.

— ஊமையை எப்படிப் பேச வெப்ப?

— பேச வெக்க வேண்டாம். அது என்ன சொல்லியிருக்குமோ அதை நாமளே டிரைவர்ல எழுதிடணும். பெரிய சிஸ்டம்னா அதுக்கு நூறு இஞ்சினியர் இருப்பா. மின்னோக்கு நானும் இவனும்தான்.

— அந்த விவரமெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

— பாபி தா மாட்டும்போதே ஒரு பேனலோட முதுகுல மார்க்கர்ல எழுதி வெச்சிருக்காரு சார். நாந்தான் முதுகக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாத்து ஒரு தாள்ல குறிச்சேன். அக்கா அதப் பாத்து டிரைவர்ல போட்டாங்க. பொறவு முதுக மூடிட்டேன்.

— பாபியையே ஃபோன் பண்ணிக் கேளேன்.

— மூணு வாரமா ஸ்விட்ச் ஆஃப் பெரியப்பா. சாந்தினில அவர் கடைக்கே போய்ப் பார்த்தேன். ஷட்டர். பக்கத்துக் கடைக்காரர், "பாபி? ஓ, அது அந்தமான் டூர் போயிருக்கு"ங்கறார்.

— மணி மூணே கால்.

— தெரியும்!

— கோவிச்சுக்காதே. சொன்னேன். சின்ன வயசுலேர்ந்து நீ இப்படித்தான். எல்லாரும் விட்டுட்டுப் போனதைப் பிடிச்சிண்டு நிப்ப. ஸ்கூல்ல யாருமே எடுக்காத சம்ஸ்கிருதத்தை நான் ஒருத்தியாவது எடுப்பேன்னு எடுத்த. ஒரு பொண்ணுக்காக ஒரு டீச்சர், ஒரு கொஸ்டின் பேப்பர்.

— எடுத்ததனால அந்த டீச்சருக்கு வேலை போகலை. அதை ஏன் சொல்ல மாட்டேங்கறேள்?

— அதுவும் வாஸ்தவம்தான்.

— எக்கா, ஒண்ணு சொன்னா கோவப்பட மாட்டீங்களே?

— படுவேன். சொல்லு.

— விட்ருவோம். நல்லாத்தான் மல்லுக்கட்டுனோம். அந்த லிஸ்ட்ல எவனும் இப்பிடி மூணு வாரம் ஒரு ஊமைப் பேனலோட குடும்பம் நடத்தியிருக்க மாட்டான். தோத்துட்டோம்னு ஒரு மெயிலப் போட்டுட்டு, டிஃபன் கேரியரத் தொறந்து சாப்டுவோம். பெரியம்மா கையால என்ன இருக்கோ.

— புளியோதரை. எடுத்துண்டு நீ போ.

— எக்கா…

— போடா! போய் சாப்பிடு! யாருக்கு வேணும் உன் ஒத்தாசை? ஒருத்தன் பல்லை இளிச்சான், நாப்பது பேர் இளிச்சா, பெரியப்பா கையெழுத்துப் போட்டார், இப்போ நீ! எல்லாரும் சேர்ந்து ஒரே பாட்டு: பழசு, விட்டுடு, விட்டுடு. ஏன் விடணும்? கெட்டுப் போச்சா? எரிஞ்சு போச்சா? அடிச்சா எழுத்தை வாங்கிக்கறது, கேட்டா பதில் சொல்றது. ஓடற மெஷினை ஓடலைன்னு எழுத ஒருத்தனுக்கும் உரிமை கிடையாது. நான் எழுத விட மாட்டேன். நாலு மணி வரைக்கும் இது என் மெஷின்!

— சரிக்கா. சரி. போகல. இந்தா உக்காந்துட்டேன். மொதல்லேர்ந்து பாப்போம். நாந் தாளப் படிக்கேன். நீங்க ஒவ்வொண்ணாச் சரி பாருங்க. அகலம் ஆயிரத்து முன்னூத்து அறுபத்தாறு.

— சரி.

— ஒயரம் எழுநூத்து அறுபத்தெட்டு.

— சரி.

— புள்ளி வேகம் தொண்ணூத்தெட்டு.

— சரி. தொண்ணூத்தெட்டு மெகா… தொண்ணூத்தெட்டு கொஞ்சம் ஜாஸ்தியோன்னு முதல் நாளே எனக்குத் தோணித்து. இந்த அளவு பேனலுக்கு எழுபதுல ஏதோதான் வரணும். ஆனா பாபி தா எழுதியிருக்கார்னயே.

— எழுதியிருக்காருக்கா. கொட்ட எழுத்துல. நாங் கண்ணால பாத்தேன்.

— என்ன சொன்ன?

— கண்ணால பாத்தேன்னேன்.

— அதுக்கு முன்னாடி.

— கொட்ட எழுத்துல…

— ஜெகன். காத்தால, இல்லை, மத்தியானம் நீ ஏறின பஸ். போர்டுல என்ன போட்டிருந்தது?

— எட்டு. ஏங்க்கா, இப்ப எதுக்கு பஸ்ஸு?

— போர்டுல பக்கத்துல இங்கிலீஷ்ல ஏதாவது எழுதியிருந்ததா?

— இல்லியே. பூராம் பெங்காலிதான். நம்பர் மட்டும் தெரிஞ்சுது.

— நம்பர் மட்டும் எப்படிடா தனியாத் தெரியும்? பூராம் பெங்காலின்னா நம்பரும் பெங்காலி!

— நம்பருமா? நம்பர் எல்லாத்துக்கும் ஒண்ணுதானக்கா?

— ஹே பகவான்! இங்கே வந்து எத்தனை மாசமாச்சு உனக்கு?

— பங்குனிலதான வந்தேன். ஆறு மாசம்.

— ஆறு மாசமா பஸ்ல எப்படிடா போயிண்டு வர?

— கண்டக்டர் கூவுவான்லா, "பெஹாலா பெஹாலா"ன்னு, அதக் கேட்டு ஏறுவேன். இன்னைக்கு அவசரம், நம்பரப் பாத்து ஏறுனேன்.

— பெங்காலில நாலுன்னு எழுதினா அசல் நம்ம எட்டு மாதிரியே இருக்கும்டா மடையா! நீ ஏறினது நாலு! முதுகைக் கழட்டு! கழட்டு கழட்டு கழட்டு!

— கழட்டுதேன், கழட்டுதேன்! ஸ்க்ரூ ஓடி ஒளிஞ்சுக்கிட்டு…

— பெரியப்பா, மணி?

— மூணு முப்பத்தஞ்சு. என்னடி ஆச்சு? எதுக்கு இந்தக் கூச்சல்?

— இங்கே வாங்கோ! டார்ச்சைப் பிடிச்சுண்டு இங்கே நில்லுங்கோ! ஜெகன், ஆறு ஸ்க்ரூவும் வேண்டாம், மேல நாலு போறும், நெம்பு!

— வந்துட்டு. இந்தா பாருங்க, மார்க்கர்ல. இதாம்க்கா. தொண்ணூத்தெட்டு.

— பெரியப்பா, நீங்க வாசிங்கோ. நான் வாசிக்க மாட்டேன், என் கண்ணையே நான் நம்பலை.

— இதிலே என்னடி சந்தேகம்? பர்தமான் பக்கத்துல கிராமத்து பேங்க் பிராஞ்ச்ல பதினோரு வருஷம் குப்பை கொட்டினவன் நான். சுயாத்தொர்!

— சார், அப்பிடின்னா?

— எழுபத்துநாலு! முதல்ல இருக்கறது ஒன்பது இல்லை, ஏழு. ரெண்டாவது எட்டு இல்லை, நாலு. இதைப் போய்த் தொண்ணூத்தெட்டுன்னு எவன் வாசிப்பான்?

— நாந்தான் சார்.

— அப்போ அகலம், உயரம் மட்டும் எப்படிடா சரியா இருந்தது?

— அது பேனல்லயே அச்சடிச்ச ஸ்டிக்கர்ல இங்கிலீஷ்ல இருந்துச்சுக்கா. இது ஒண்ணுதாம் கையெழுத்து.

— மூணு வாரம்! எழுநூறு வரியையும் திட்டித் தீர்த்தேனே! டிரைவர் மேல ஒரு தப்பும் இல்லை. பாவம், எழுபத்துநாலு வேகத்துல ஓடறதுக்குத் தொண்ணூத்தெட்டைப் போட்டு சாட்டையால அடிச்சிருக்கேன்!

— எக்கா, திட்டுறதப் பொறவு திட்டுங்க. மொதல்ல நம்பர மாத்துங்க.

— மாத்தியாச்சு. ஏத்தறேன். யாரும் மூச்சு விடாதீங்கோ.

— நானுமா?

— நீங்களும்தான் பெரியப்பா.

— வெள்ள… வெள்ள இன்னும் போகலக்கா! கோடு வருது, கோடு கோடா…

— நடுங்கறது. நடுங்கறது. நில்லு, நில்லு, என் தங்கமே நில்லு…

— நின்னுட்டு! எக்கா, நின்னுட்டு! மீன் தெரியுது! பொடிமீன்!

— வந்துடுத்து! பெரியப்பா, வந்துடுத்து! ஆயிரத்து முன்னூத்து அறுபத்தாறுக்கு எழுநூத்து அறுபத்தெட்டு, ஒரு புள்ளி குறையலை! பாஸாயாச்சு!

— அட… என்ன பளிச்சுனு இருக்கு. கீழ ஏதோ எழுத்து வரிசையா இருக்கே, அது என்ன?

— அது பிரியங்கா. நேத்திக்கு அவ கறுப்புல அடிச்சு சேவ் பண்ணினது. பாருங்கோ, ஒரு பக்கம் முழுக்க. ரெண்டே ரெண்டு தப்பு.

— கண்ணுக்குத் தெரியாமலா இவ்வளவும் அடிச்சிருக்கா?

— ஆமாம். நாளைக்கு அவளே வந்து பார்ப்பா. பார்ப்பாளோல்லியோ பெரியப்பா?

— இரு. வாசல்ல மணி அடிக்கறான்.

— பிக்ரிவாலாவா சார்? நாலுக்கு இன்னும் ஒம்பது நிமிசம் இருக்கே?

— அவனுக்கு என்ன அவசரமோ. நீங்க இங்கேயே இருங்கோ, நான் பேசிக்கறேன்… ஆரே தாதா, ஆஜ் ஹோபே நா! கம்ப்யூட்டார் தேபோ நா, குடுக்கறதா இல்லை! என்னது? வண்டி வாடகைக்கு எடுத்துண்டு வந்தயா? அதுக்கு நான் என்ன பண்றது, படம் வந்துடுத்தே! ஷோனோ, புரோனோ காகொஜ் ஆச்சே, கமிட்டியோட பழைய பேப்பர் ஒரு அலமாரி பூரா இருக்கு, அதை அள்ளிண்டு போ!

— பெரியப்பா! அதுல உங்க ரெசல்யூஷன் நோட்டீஸும் இருக்குமே!

— இருந்தா என்ன, அதுவும் போகட்டும். யோகா மொட்டை மாடில பண்ணட்டும், காத்து நன்னா வரும். நீ மேல வேலையைப் பாரு. உன் நாப்பது பேருக்கு என்னமோ அனுப்பணும்னயே?

— போட்டோ எடுத்தாச்சு. லாக் சேர்த்தாச்சு. எழுதறேன், கேளுங்கோ: "ஓடுகிறது. போட்டோ இணைத்திருக்கிறேன். தப்பு டிரைவரில் இல்லை, எங்கள் பக்கம்தான். ஒரு நாலை எட்டாக வாசித்துவிட்டோம். டிரைவரை எடுக்க வேண்டுமென்று சொன்னவருக்குத் தனியாக: பன்னெண்டு மெஷின், பெஹாலா. எண்ணிப் பார்க்க ஆசையிருந்தால் நேரில் வரவும்." அனுப்பிட்டேன்!

— கடைசி வரி தேவையாடி?

— கடைசி வரிக்காகத்தான் மீதியே எழுதினேன். ஜெகன், என்னடா ஃபோனை நோண்டிண்டிருக்க? புளியோதரையை எடுத்து வை, பசி பிராணன் போறது.

— எடுத்து வைக்கேன்க்கா. ஒரு நிமிசம்.

— ஆ, மெயில் வந்துடுத்து! அதுக்குள்ளயா? அவன்தான்! டெட்வெயிட்! பெரியப்பா, கேளுங்கோ: "டிரைவரை எடுக்கணும்னு நான் வெச்ச ப்ரபோசலை வாபஸ் வாங்கறேன். படம் வந்ததை நேர்ல பார்த்தேன். பன்னெண்டையும் எண்ணிட்டேன்." நேர்லயா? இந்த ரூம்ல நாம மூணு பேர்தானே இருக்கோம்?

— என்னை ஏன்டி முறைக்கற? எனக்கு ஒரு மெயில் அனுப்பணும்னாலே உங்க பெரியம்மா பக்கத்துல உக்காரணும்.

— ஜெகன். அந்த ஃபோனை இப்படிக் கொண்டா. கடைலேர்ந்து அப்பளம் குடுக்கத்தானே நீ முதல்ல இங்கே வந்த?

— அப்பளம் கொண்டுவர வேற ஆள் இருந்துச்சுக்கா, நாந்தான் மாமாட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன்… பஸ் போர்டயும் பாபி தா கையெழுத்தயும் மட்டும் நாந் தப்பா வாசிக்கல, போன வருசம் தூத்துக்குடில உக்காந்து "பன்னெண்டு மெஷின், பெஹாலா"ங்கதயும் பொய்யினுதாம் வாசிச்சேன்.